அலகு வீட்டு வளவு: ஒரு சொல் விளக்கம்

‘மாடுலர் கோஹவுசிங்’ என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழில் ‘அலகு வீட்டு வளவு’ எனலாம். சில குடும்பங்கள் தத்தம் அடுப்பங்கரையோடு தனித்தனி வீடுகளில் இருந்துகொண்டே, முற்றத்தையும் சமையற்கூடத்தையும் பொதுவில் வைத்து, தாமே திட்டமிட்டுத் தாமே நிர்வகிக்கும் குடியிருப்பு ‘கோஹவுசிங்’ எனப்படுகிறது. 1960களில் டென்மார்க்கில் யான் குட்மண்ட் ஹோயர் என்னும் கட்டடக் கலைஞர் இதற்கு முயன்றார். அங்குள்ள சேட்டடாமன் குடியிருப்பு 1972இல் எழுந்தது. டேனியர் இட்ட பெயருக்கு ‘வாழ்வுக் கூட்டு’ என்பது பொருள். ஆங்கிலச் சொல்லைப் பின்னர் வழக்கில் கொண்டுவந்தவர்கள் கேத்ரின் மெக்கமண்ட், சார்ல்ஸ் டூரெட் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள்.

இதைக் ‘கூட்டுக் குடியிருப்பு’ என்றால் கூட்டுக் குடும்பமே நினைவுக்கு வரும். அங்கோ அடுப்பு ஒன்றுதான். ஒரே வாசலுக்குள் கிணற்றையும் முற்றத்தையும் பகிர்ந்துகொள்ளும் வீட்டுத் தொகுதிக்குத் தென்மாவட்டங்களில் ‘வளவு’ என்னும் சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஆக்க வேண்டியதில்லை. ஆயினும் பழைய வளவில் பெரும்பாலும் உறவினரோ ஒரே உரிமையாளரின் குடித்தனக்காரர்களோ இருந்தனர். இங்கே அண்டை வீட்டார் ஒருவரையொருவர் தேர்ந்து சேர்கின்றனர். இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டே சொல்லைக் கையாள வேண்டும்.

இனி, ஆலையில் அறை அறையாகச் செய்து மனையில் இறக்கும் வீட்டைக் குறிக்கும் ‘மாடுலர்’ என்பதன் வேர் ‘சிற்றளவு’ எனப் பொருள்படும் ‘மாடுலஸ்’ என்னும் இலத்தீன் சொல். அளவைக் குறிக்கும் நம் ‘அலகு’ அதற்கு நன்கு பொருந்துகிறது. இராமநாதபுரம் கடற்கரையில் கூரைக்குக் கிடுகும் சுவருக்குப் பனையோலைத் தட்டியும் முன்கூட்டியே முடைந்து வைக்கப்படுகின்றன என்றாலும், அவை தட்டையாக வந்து மனையில்தான் வீடாகின்றன. அலகு வீட்டிலோ மின்கம்பி, குழாய், சன்னல் எல்லாம் பொருத்திய முழு அறையே ஆலையிலிருந்து லாரியில் வந்து, கிரேன் மூலம் அடித்தளத்தின்மேல் இறங்குகிறது. ஆகவே ‘முன்தயாரிப்பு வீடு’ என்பது இரண்டையும் உள்ளடக்கும் பொதுப்பெயர். ‘அலகு வீடு’ அதன் ஒரு வகை. சாலை வாகனத்தின் அகலம் பொதுவாக 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதியாதலால், 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து தங்கச்சிமடத்துக்கோ இராமேசுவரத்துக்கோ செல்லும் அறை அவ்வளவுக்குள் அடங்க வேண்டும். இல்லையேல் தனி அனுமதி தேவைப்படும்.

சிலர் இதனை ‘நகரும் வீடு’ என எழுதுவது பிழை. நகர்வது பயணத்தின்போது மட்டுமே. 1964 திசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியை இழந்த இக்கரையில், உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் பூச்சிட்ட இரும்புத் தாங்கிகளால் அடித்தளத்தோடு பிணைக்கப்படாத அறையை வீடு என்றே கொள்ள இயலாது.