கடல் அல்லிக்கு வினிகர் வேண்டாம்

புதைபடிவங்களைக் கல்லிலிருந்து வெளிக்கொணர்வது என் தொழில். "ஒட்டியிருக்கிற மண் போக வினிகரில் ஊறப்போடலாமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. கிரினாய்டு என்கிற கடல் அல்லியென்றால் கூடவே கூடாது. அதன் தகடுகள் கால்சைட் என்கிற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனவை. அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைவது அவைதான்; களிமண் அப்படியே இருக்கும்.

பெயர்தான் அல்லி, இது விலங்கு. நட்சத்திர மீனின் உறவு. தண்டு, உடல், கைகள் எல்லாம் சின்னச் சின்னத் தகடுகளின் அடுக்கு. அவற்றைப் பிணைத்திருப்பவை தசையும் நாரும். செத்த சில நாட்களில் அவை அழுகத் தொடங்கும், தகடுகள் உதிரும். அதனால்தான் தண்டுத் துண்டுகள் மலிவு, முழு உருவம் அரிது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கிராஃபர்ட்ஸ்வில்லில் முழு உருவங்கள் கிடைக்கக் காரணம், சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் கழிமுக வண்டல் திடீரென வந்து மூடியதுதான்.

அந்த வண்டற்கல்லை நாங்கள் நுண்ணோக்கியின் கீழ், காற்றழுத்தத்தில் பொடியைப் பீய்ச்சி அரிக்கிறோம். எந்தப் பொடி என்பதில்தான் சூட்சுமம். எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சைட் 3; எண் கூடினால் கடினமும் கூடும். சமையல் சோடா சுமார் 2.5, மெதுவாக வேலை செய்யும், தகட்டை அதிகம் தொடாது. டாலமைட் என்கிற கனிமப் பொடி 3.5 முதல் 4 வரை. சீக்கிரம் முடியும், கவனம் பிசகினால் தகடுகளுக்கு இடையிலான பொருத்துக்கோடுகளும் மழுங்கிப்போகும். கைகளின் இருபுறமும் மயிரிழையாக ஓடும் சிறுகிளைகள்தான் முதல் பலி. அழுத்தத்தைக் குறைத்து, கையின் போக்கிலேயே நகர வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. மொரோக்கோவிலிருந்து வரும் பெரிய கடல் அல்லிக் கற்பலகைகளில் பல, வெவ்வேறு துண்டுகளை ஒட்டிச் சேர்த்தவை. செதுக்கி வண்ணம் பூசியவையும் உண்டு. உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தகடும் ஒரே படிகம் என்பதால் உடைந்த முகம் சட்டென்று தட்டையாகப் பளிச்சிடும். பிசினும் சாந்தும் அப்படி மின்னாது. புற ஊதா விளக்கில் பல பசைகள் தனியாக ஒளிரும். பழுது பார்த்தது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

வீட்டில் இருப்பதைத் துடைக்க மென்தூரிகை போதும். கிராஃபர்ட்ஸ்வில் கல்லில் கைகளுக்கு நடுவே புடைப்பு தெரிந்தால் சுரண்டாதீர்கள். அது பிளாட்டிசெராஸ் நத்தையாக இருக்கலாம். கடல் அல்லியின் மேலேயே ஒட்டி, அதன் கழிவைத் தின்று வாழ்ந்தது.