அசல் பாகமா, மாற்றியதா? பூச்சைக் கேளுங்கள்

இரண்டாம் உலகப் போர் காலத்து எம்1 காரண்ட் துப்பாக்கியில் எந்தப் பாகம் அசல், எது பின்னால் பூட்டியது என்று சேகரிப்பாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முழுத் துப்பாக்கியும் அசல் என்று அடித்துச் சொல்வது பெரும்பாலும் நடக்காத காரியம். ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் தனியாக விசாரிக்கலாம். அந்த விசாரணையில் எனக்குப் பிடித்த சாட்சி, எஃகின் மேல் இருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பூச்சு.

முதலில் கதைச் சுருக்கம். கனடாவில் பிறந்த ஜான் காரண்ட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் வடிவமைத்த அரைத் தானியங்கித் துப்பாக்கி இது. அமெரிக்க ராணுவம் 1936-ல் ஏற்றுக்கொண்டது. 1957 வரை சுமார் 54 லட்சம் செய்தார்கள். போர் முடிந்ததும் இவற்றைக் குவியல் குவியலாகப் பிரித்துச் சுத்தம் செய்து, தேறிய பாகங்களை வைத்து மறுபடி பூட்டினார்கள். எந்தத் துப்பாக்கியின் போல்ட் (குழலின் பின்வாயை அடைக்கும் பாகம்) எதற்குப் போகிறது என்று எவரும் பார்க்கவில்லை. எதை எதில் மாட்டினாலும் ஓட வேண்டும் என்பதுதானே வடிவமைப்பின் பெருமை!

பாகங்களில் வரைபட எண், அதாவது அந்தப் பாகத்தின் வடிவமைப்பு வரைபடத்துக்கு உரிய எண், பொறித்திருக்கும். போல்ட்டில் டி28287 என்று இருந்து, பக்கத்தில் எஸ்.ஏ. என்றிருந்தால் ஸ்பிரிங்ஃபீல்டு, டபிள்யூ.ஆர்.ஏ. என்றிருந்தால் இதே துப்பாக்கியைச் செய்த வின்செஸ்டர் நிறுவனம். அதே போல்ட் 6528287 என்ற ஏழிலக்க எண்ணோடு வந்தால் போருக்குப் பிந்தையது. ஸ்பிரிங்ஃபீல்டு குழல்களின் வலப்பக்கத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும். போல்ட்டை இயக்கும் நீளத் தண்டான ஆப்பரேட்டிங் ராடைப் பின்னுக்கு இழுத்தால் தெரியும். வரிசை எண் 1943-ஐக் காட்ட, குழல் 1952 என்று சொன்னால் விஷயம் முடிந்தது. சரி, எல்லாம் பொருந்திவிட்டால்? அந்தக் காலத்துப் பாகங்களைத் தேடிப் பிடித்து யாரோ பொருத்தமாகச் சேர்த்திருக்கலாம். எழுத்தையே புதிதாக அடித்தும் இருக்கலாம். எண்கள் இதற்கு மேல் உதவாது.

இங்கேதான் பூச்சு வருகிறது. இதைப் பார்க்கரைசிங் என்பார்கள். பூச்சு என்று சொன்னாலும் இது பெயின்ட் போல வெளியிலிருந்து தடவியது அல்ல. பாஸ்பாரிக் அமிலத்தில் மாங்கனீசு அல்லது துத்தநாகம் கரைந்திருக்கும் கரைசலைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கி, எஃகை அதில் அமிழ்த்துவார்கள். அமிலம் இரும்பைக் கொஞ்சம் தின்னும், ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். ஹைட்ரஜன் போகப் போக, எஃகை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் அமிலத்தன்மை குறைந்துவிடும். தொட்டி முழுவதும் அமிலமாக இருக்க, அந்த ஓர் இடத்தில் மட்டும் பாஸ்பேட் கரைந்திருக்க முடியாமல் படிகமாகிப் பரப்பிலேயே உட்கார்ந்துகொள்ளும். எஃகு கரைந்தால்தான் படிகம் வளரும். படிகம் முழுவதும் மூடியதும் வினை தானாக அடங்கிவிடும். தன்னைத்தானே ஆரம்பித்துத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் இந்த ஒழுங்கை எத்தனை முறை நினைத்தாலும் அலுக்கவில்லை.

அடியில் இருக்கும் எஃகோடு வினைபுரிந்து உண்டானதால், அந்த எஃகு பட்ட பாட்டையெல்லாம் பூச்சு காட்டிக்கொடுக்கும். ஒரு பூதக்கண்ணாடி எடுத்து எழுத்தைப் பாருங்கள். களிமண்ணில் விரலை அழுத்தினால் ஓரம் மேலெழுவதைப் போல, அச்சு அடித்த எழுத்தைச் சுற்றி உலோகம் லேசாகப் பிதுங்கி நிற்கும். பூச்சுக்கு முன்னால் அடித்த எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் அதே சாம்பல் படிகம் இருக்கும். பிறகு அடித்ததில் படிகம் நொறுங்கி, பள்ளத்தில் எஃகு பளிச்சென்று தெரியும். மொத்தமாகச் சுரண்டி மறுபூச்சு போட்டிருந்தால்? மணல் போன்ற துகளைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்யும்போது அந்தப் பிதுங்கிய ஓரம் மழுங்கிப்போயிருக்கும். துருவின் குழிகளும் பூச்சுக்கு அடியிலேயே இருக்கும். அப்படியானால் துருப்பிடித்த பிறகு பூச்சு ஏறியது என்றுதானே பொருள்!

ஆப்பரேட்டிங் ராடில் இது இன்னும் சுவாரசியம். போர்க்காலத்தில் செய்ததில் குழாய்ப் பகுதியும் கைப்பிடிப் பகுதியும் கூர்மையான மூலையில் சந்தித்தன. சுடும்போதெல்லாம் தகைவு, அதாவது உலோகத்துக்குள் உண்டாகும் இறுக்கம், அந்த மூலையில் குவிந்து விரிசல் விட்டது. அதனால் பின்னாளில் அந்த இடத்தை வளைவாகக் கடைந்தெடுத்தார்கள். கடையாமல் தப்பிய ராடுகள் குறைவு, விலையும் அதிகம். உடனே சிலர் வெட்டிய இடத்தை வெல்டிங் செய்து நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணுக்குச் சமமாகத் தேய்த்துவிடலாம். ஆனால் வெல்டிங் சூடு பட்ட எஃகின் நுண்ணமைப்பு மாறிவிடுவதால் அங்கே படிகம் வேறு விதமாக வளரும். பக்கவாட்டு வெளிச்சத்தில் நிறம் மாறிய ஒரு பட்டை தெரியும். ஏமாற்று என்பதோடு போகவில்லை, விரிசல் விட்ட அதே இடத்தில் வெல்டிங் வைத்த ராடு சுடுபவருக்கே ஆபத்து.

இவ்வளவு சாட்சி கையில் இருக்க, "தாத்தா பிரான்சின் நார்மண்டிப் போர்க்களத்திலிருந்து கொண்டுவந்தது" என்ற கதைக்குப் பணம் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராசிக்கல் வாங்குவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உலோகப் பரப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் மட்டும் "இதில் என்ன புதுமை?" என்று கேட்பார்கள். போகட்டும்.

பாஸ்பேட் சரியாக ஏறவே ஏறாத பாகமும் இதில் ஒன்று உண்டு: காஸ் சிலிண்டர். அந்தக் காலத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எரிந்ததும் மிச்சமாகும் உப்பு துருவை அழைத்துவரும் என்பதால், சூடான வாயு பாயும் இந்தப் பாகத்தைத் துருப்பிடிக்காத எஃகில் செய்தார்கள். குரோமியம் ஆக்சைடு கவசம் அமிலத்தை அண்டவிடாது. எஃகு கரையாவிட்டால் படிகம் ஏது? ஆகவே அதை வேறு முறையில் கறுப்பாக்கினார்கள். அந்தக் கறுப்பு சீக்கிரம் தேய்ந்து வெள்ளி போல மின்ன ஆரம்பிக்கும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கண்டு மாற்றிய பாகம் என்று ஒதுக்குவதுண்டு. உண்மையில், மற்ற பாகங்கள் எல்லாம் தேய்ந்திருக்கும்போது காஸ் சிலிண்டர் மட்டும் ஒரே சீராகக் கறுத்திருந்தால்தான் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.