பிக்கப்பும் முடுக்கமும்: ஒரு சொல் விளக்கம்

‘வண்டியில் பிக்கப் இல்லை’ என்பது குடும்பக் கார் வைத்திருப்போர் பணிமனையில் அடிக்கடி சொல்லும் குறை. ஆக்சிலரேட்டரை மிதித்த பின் வண்டி எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்பதையே ‘பிக்கப்’ என்ற சொல் இங்கே குறிக்கிறது. ஆங்கிலத்தில் எடுத்தலைக் குறித்த ஒரு கூட்டுவினை, வேகம் கூடுதல் என்ற பொருளையும் பெற்று, பின்னர் பெயர்ச்சொல்லாகி நம்மிடம் வந்தது. சரக்கேற்றும் சிறு வண்டிக்கும், வாடகைக் கார் பயணியை ஏற்றிக்கொள்வதற்கும் அதே சொல்லே வழங்குகிறது.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் ‘முடுக்கம்’. விரைதலைக் குறிக்கும் ‘முடுகு’ தன்வினை. விரையச் செய்தலைக் குறிக்கும் ‘முடுக்கு’ அதன் பிறவினை. உருகு, உருக்கு என்பன போன்ற இணை இது. யாப்பில் விரைந்து ஓடும் நடைக்கு ‘முடுகு’ என்றே பெயர். ‘பணிகளை முடுக்கிவிட்டனர்’ என்று செய்தித்தாள்கள் இன்றும் எழுதுகின்றன. ஆகவே இது அகராதிக்காக ஆக்கிய செயற்கைச் சொல் அன்று. வழக்கில் உயிரோடிருந்த வேர் அறிவியலுக்குள் வந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘முடுக்கம்’ என்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘ஆர்முடுகல்’ என்றும், வேகம் குறைவதை ‘அமர்முடுகல்’ என்றும் வழங்குகின்றன. ஆக்சிலரேட்டருக்கு ‘முடுக்கி’ பொருந்தும். அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் விரைவையே குறிக்கிறது.

ஓட்டுநர்கள் ‘வண்டி இழுக்கவில்லை’, ‘இழுவை போதவில்லை’ என்றும் சொல்வார்கள். அழகான வழக்குதான்; ஆனால் ‘இழுவை’ சக்கரம் தரும் விசையைக் குறிக்கிறதே தவிர, அவ்விசையால் விளையும் வேகமாற்றத்தைக் குறிப்பதில்லை. பழுது தேடும்போது இவ்வேறுபாடு மிகவும் பயன்படும்.

முடுக்கம் என்பது திசைவேகம், அதாவது திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம், மாறும் வீதம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 12 நொடிகளில் எட்டும் காரின் சராசரி முடுக்கம், ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 2.3 மீட்டர்; அதற்கே 15 நொடிகள் ஆனால் அது ஏறத்தாழ 1.85 ஆகக் குறைகிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி முடுக்கம் நிகர விசைக்கு நேர்விகிதத்திலும் நிறைக்கு எதிர்விகிதத்திலும் அமையும். எனவே முடுக்கம் குறைந்தால், பாரம் கூடியிருக்க வேண்டும், அல்லது வண்டியைத் தடுக்கும் விசை கூடியிருக்க வேண்டும், அல்லது சக்கரத்தை எட்டும் விசை குறைந்திருக்க வேண்டும். ‘பிக்கப் இல்லை’ என்ற சொற்றொடர் மறைத்துவிடும் இந்தப் பிரிவினையை ‘முடுக்கம்’ வெளிப்படையாகக் காட்டுகிறது.

பாரத்தை அறிவது எளிது. தடைக்கு, முதலில் டயர்க் காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். பிரேக் விடாமல் பற்றிக்கொண்டிருந்தால், அதிகம் பிரேக் பிடிக்காமல் சிறிது தூரம் ஓட்டிய பின்னும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடக் கடுமையாகச் சூடேறியிருக்கும். அதைக் கையால் தொடாமல் அருகே கை நீட்டியே உணரலாம்.

விசை எஞ்சினில் பிறந்தும் சக்கரத்தை எட்டாமல் போவது, பெரும்பாலும் எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் கிளட்ச் தேய்ந்ததன் அடையாளம். போக்குவரத்தில்லாத சாலையில் நான்காம் கியரில் மிதமான வேகத்தில் செல்கையில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், எஞ்சின் சுழல்வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் துள்ளி ஏற, வேகமானி முள் மட்டும் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது என்று கொள்ளலாம். இந்நிலையில் எஞ்சினைப் பழுதுபார்ப்பது வீண் செலவு. தேய்ந்த கிளட்ச் தட்டை மாற்றுவதே பெரும்பாலும் தீர்வு.

இரு முள்களும் சேர்ந்தே மந்தமாக ஏறினால், பாரமும் தடையும் இல்லையென்று உறுதியான பின், விசை எஞ்சினிலேயே குறைவாகப் பிறக்கிறது என்று பொருள். பெட்ரோல் எஞ்சினில் காற்று, எரிபொருள், தீப்பொறி, புகை வெளியேறும் வழி ஆகியவற்றை, செலவு குறைந்ததிலிருந்து தொடங்கிப் பார்ப்பதே நல்ல முறை. ஏர் ஃபில்டர் தூசியால் அடைபட்டிருந்தால், மெதுவாக ஓட்டுகையில் தெரியாத குறை முழுதாக மிதிக்கும்போது வெளிப்படும். எரிபொருள் ஃபில்டர் அடைபட்டாலும், பம்ப் தளர்ந்து அழுத்தம் குறைந்தாலும், மேடேறும்போதும் முந்திச் செல்லும்போதும் வண்டி தொய்யும். தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் அல்லது அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் கெட்டால் மந்தத்தோடு உதறலும் சேரும். உதறும்போது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து அதன் உட்பகுதியை உருக்கிவிடும், உருகியது புகைவழியை அடைக்கும், சிறு செலவில் முடிந்திருக்க வேண்டியது பெருஞ்செலவாகிவிடும். காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் கிடைக்கும் பழுதுக் குறியீடு தேடலைச் சுருக்கும். எனினும் அது காட்டும் உறுப்பையே உடனே மாற்றிவிடாமல், அதற்கு வரும் கம்பியையும் இணைப்பையும் முதலில் சோதிக்க வேண்டும்.

பழுதில்லாமலும் முடுக்கம் குறையும் இடமொன்று உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிழுக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவதால், மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடிய கார் அங்கே சோர்வாகத் தோன்றும். அதற்குப் பணிமனை தேவையில்லை. ஒரு கியர் குறைத்து ஓட்டினால் போதும்.