சல்லியம் என்றால் என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கிற சொல் இது. அடுப்படியில் வந்து முந்தானையைப் பிடித்து இழுக்கும் பிள்ளையிடம் "சல்லியம் பண்ணாத மக்களே" என்பார்கள். ஒரே பிள்ளைதான் என்றாலும் அங்கே 'மக்களே'தான். தினமும் ஏதாவது கேட்டு வாசலில் நிற்பவர் போன பிறகு, "பெரிய சல்லியமாட்டு இருக்கு" என்று முணுமுணுப்பார்கள். மதுரைக்காரருக்கு இதைக் கேட்டால் சல்லிக்காசு ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் உறவில்லை.

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இது 'சல்யம்'. மலையாள நாளிதழ்களில் 'கொதுகு சல்யம்' (கொசுத் தொல்லை), 'தெருவுநாய் சல்யம்' சர்வசாதாரணம். குமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தவை. எல்லை மாறியது, பேச்சு மாறவில்லை.

மூலம் வடமொழி. அம்பு முனை, முள், உடம்பில் தைத்து உள்ளேயே நின்றுவிட்ட பொருள், எல்லாம் சல்யம். ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளில் அறுவை மருத்துவத்துக்குப் பெயர் சல்லிய தந்திரம்; தைத்ததை வெளியே எடுக்கும் வித்தை. இராமாயணத்தில் அனுமன் மலையோடு கொண்டுவந்த மூலிகைகளில் ஒன்று விசல்யகரணி. பாரதத்துச் சல்லியனோ கர்ணனுக்குத் தேரோட்டிக்கொண்டே அவனைக் குத்திக் குத்திப் பேசியவன். பெயருக்கு இவ்வளவு பொருத்தமாக நடந்துகொண்ட ஆள் இதிகாசத்தில் வேறு யாருமில்லை என்பேன்.

முள் என்ற பொருள் பேச்சிலும் அப்படியே நிற்கிறது. பெரிய துன்பத்தை யாரும் சல்லியம் என்பதில்லை. சிறியதாக இருக்க வேண்டும், விலகாமலும் இருக்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பெரும்பாலும் தொல்லை போதும். பழந்தமிழில் அதற்குப் பழமை என்ற பொருளும் உண்டு என்பது வேறு கதை. ஓயாமல் கேட்டுப் பிடுங்குவது நச்சரிப்பு. வழியை மறிப்பது இடைஞ்சல். மனசுக்குள் கிடந்து குத்துவது உறுத்தல். முள்ளுக்கு மிக நெருங்கி வரும் தமிழ்ச்சொல் இதுதான். தோட்டத்துக்குள் யானை புகுந்தால் நம் செய்தித்தாள்கள் 'அட்டகாசம்' என்று போடுகின்றன. அதன் மூலப்பொருள் உரத்த சிரிப்பு! அதற்குச் சல்லியமே தேவலை.

பஞ்சாயத்துக்கு மனு எழுதும்போது 'கொசுத் தொல்லை' என்றே எழுதுங்கள். 'சல்லியப்படுத்துகிறார்' என்பது மலையாள வாக்கியத்தின் நிழல். 'தொல்லை கொடுக்கிறார்' என்றாலே போதும். வீட்டுப் பேச்சில் சல்லியம் இருந்துவிட்டுப் போகட்டும்.