பறவை தாக்குவதில்லை

அண்மையில் ஓர் அறிவியல் காணொளியின் தமிழ்க் குரலில் மறுபடியும் அந்தத் தொடர் வந்தது: ‘பறவைத் தாக்குதல் எதிர்ப்புச் சோதனை’. எத்தனையாவது தடவை கேட்கிறேன் என்ற கணக்கே விட்டுப்போயிற்று. நாலு சொல்லில் இரண்டு தப்பு.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பறக்கும்போது பறவை மோதினால் விமானத்தின் கண்ணாடியும் இறக்கையும் எஞ்சினும் என்ன ஆகும் என்று தரையிலேயே பார்த்துவிடுவதுதான் இந்தச் சோதனை. நீண்ட குழாய்க்குப் பின்னால் அழுத்தக் காற்றை அடைத்து, சட்டென்று திறந்துவிடுவார்கள். செத்த கோழியோ, அதற்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியோ விமானத்தின் வேகத்தில் போய் அடிக்கும். பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி 4 பவுண்டு பறவையையும் வால் பகுதி 8 பவுண்டு பறவையையும் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

ஆங்கிலத்தில் ‘பேர்ட் ஸ்டிரைக்’ என்கிறார்கள். ஸ்டிரைக் ஆதியில் தடவுதல், அப்புறம் அடித்தல். 1768இல் லண்டன் மாலுமிகள் கப்பல் பாய்களை இறக்கிவிட்டு (அப்படி இறக்குவதும் ஆங்கிலத்தில் ஸ்டிரைக்தான்) வேலை செய்யாமல் உட்கார்ந்ததிலிருந்து வேலைநிறுத்தம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ‘பறவை வேலைநிறுத்தம்’ என்று எந்திரம் மொழிபெயர்த்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ‘தாக்குதல்’ சிரிக்க வைக்காது, சரியானது போலவே உட்கார்ந்திருக்கும். அதுதான் தொல்லை. தாக்குவதற்குப் பகை வேண்டும், பறவைக்கு விமானத்தின் மேல் என்ன பகை?

மின்னல் தாக்குகிறது, புயல் தாக்குகிறது என்கிறோமே, அவற்றுக்கு மட்டும் பகையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் மின்னலும் புயலும் நாம் இருக்கும் இடம் தேடி வருகின்றன. இங்கே பாய்ந்து வருவது விமானம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் இரண்டு எஞ்சினும் செயலிழந்து, ஹட்சன் ஆற்றில் இறங்கி, 155 பேரும் பிழைத்தார்களே, அந்த விமானத்தில் சிக்கிய கனடா வாத்துகள் யாரைத் தாக்கப் போயின? ‘பறவை மோதி விமானம் அவசரத் தரையிறக்கம்’ என்று தலைப்புச் செய்தி சரியாகத்தான் எழுதுகிறது. வினையாகச் சொல்லும்போது வாயில் தானாக வரும் ‘மோது’, பெயர்ச்சொல் வேண்டும் என்றவுடன் எங்கே ஓடிப்போகிறது? ‘மோதல்’ என்றால் கைகலப்பு நினைவுக்கு வரும் என்பது உண்மை. பேருந்தும் லாரியும் மோதும்போது யாரும் அப்படி நினைப்பதில்லை.

அடுத்தது ‘எதிர்ப்பு’. ரெசிஸ்டன்ஸ் என்று கண்டவுடன் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். நோய் எதிர்ப்பில் உடல் உண்மையாகவே போராடுகிறது. கண்ணாடி என்ன போராடுகிறது? அடியை வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு ‘தாங்கு’ என்று ஒரு சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது. இடிதாங்கிக்கு ‘இடி எதிர்ப்புக் கம்பி’ என்று பெயர் வைக்காதவர்களுக்குக் கோடி புண்ணியம். எஞ்சின் சோதனையில் இது இன்னும் தெளிவு. பெரிய பறவை ஒன்று உள்ளே போனபின் எஞ்சின் ஓட வேண்டும் என்றுகூட விதி கேட்பதில்லை. தீப்பிடிக்காமல், சிதறல்களை வெளியே வீசாமல், பத்திரமாக அணைக்கும்படி இருந்தால் போதும். (எஞ்சின் பறவையை ‘உட்கொள்கிறது’ என்றும் எழுதுகிறார்கள், சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை மாதிரி. ‘விழுங்குகிறது’ என்றால் என்ன குறைச்சல்?)

ஆகவே என் கட்சி ‘பறவைமோதல் தாங்குதிறன் சோதனை’. நீளம்தான், ‘மோதல்தாங்கு சோதனை’ என்று சுருக்கினாலும் சரி.

கோழியை எய்யும் அந்தக் கருவியைக் ‘கோழித் துப்பாக்கி’ என்கிறார்கள். கோழியைச் சுடும் துப்பாக்கி என்றல்லவா காதில் விழுகிறது! அளவைப் பார்த்தால் பீரங்கி. துப்பாக்கி துருக்கிய வழி வந்தது, பீரங்கி பரங்கியர் பெயரிலிருந்து வந்தது, இரண்டும் தமிழல்ல என்று தனித்தமிழ் அன்பர்கள் கோபித்தால், ‘கோழி எய்குழாய்’ என்பதற்கும் எனக்குச் சம்மதமே.