குயில் கூவுறது போனுக்கு எப்படி 'தெரியுது'?

பங்குனி பொறந்துட்டா எங்க தாம்பரம் பக்கம் அலாரமே தேவையில்ல, விடியறதுக்கு முன்னாடியே குயில் ஆரம்பிச்சிடும், அப்புறம் குண்டுகரிச்சான், சின்னான், தையல்சிட்டுன்னு ஒவ்வொண்ணா சேர்ந்துக்கும். இலைக்குள்ள இருக்குறத கண்ணால தேடி கழுத்து வலிச்சதுதான் மிச்சம், அதனால இப்பல்லாம் மொட்டை மாடி சுவர்ல போனை வச்சு ரெக்கார்ட் பண்ணிடுறேன். அமெரிக்காவுல இருக்குற கார்னெல் பறவை ஆய்வகத்தோட மெர்லின் ஆப்ல 2021ல வந்த சவுண்ட் ஐடி, சத்தத்தை வச்சு பறவையை கண்டுபிடிக்கிற வசதி, கூவக் கூவ பேரை காட்டுது.

இதுல விஷயம் என்னன்னா, அது நம்மள மாதிரி கேக்கல, படம் பாக்குது. மைக்ல விழுற காத்தழுத்தத்தை போன் பொதுவா ஒரு செகண்டுக்கு 44,100 இல்ல 48,000 தடவை அளந்து நம்பரா வச்சுக்கும். அதை பொடிப்பொடி துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் எந்த சுருதி எவ்வளவு பலமா இருக்குன்னு ஃபூரியே கணக்குல பிரிச்சு, இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல சுருதின்னு வரைஞ்சா அதுதான் ஸ்பெக்ட்ரோகிராம். செம்மார்புக் குக்குறுவான் நிமிஷத்துக்கு 100 தடவைக்கு மேல 'டுக் டுக்'னு தட்டும்ல, அது படத்துல ஒரே உயரத்துல புள்ளி வச்ச கோலம் மாதிரி விழும். குயிலோட 'கூ...ஊ' மேல வளையுற கோடு, ஒவ்வொரு கூவலுக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறி டக்குனு நின்னுடும். (பாட்டுல எல்லாம் பொண்ணை குயில்ங்குறோம், ஆனா இப்படி கூவுறது ஆண்தான், பொட்டைக்குயில் 'கிக் கிக் கிக்'னு கத்தும்.) ஆளுங்க ஏற்கனவே பேர் குறிச்சு வச்ச ஏகப்பட்ட படத்தை பாத்துப் பழகின மாடல், அதாவது ஆப்புக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர் புரோகிராம், நம்ம படத்தையும் அதே மாதிரி அடையாளம் பாக்குது.

அதனாலதான் விடியக்காலை ரெக்கார்டிங் நல்லா வருது. ஜிஎஸ்டி ரோட்டு வண்டிச் சத்தம் பெரும்பாலும் கீழ் சுருதி, எட்டு மணிக்கு மேல படத்தோட அடிப்பக்கம் முழுக்க மை கொட்டுன மாதிரி ஆயிடும், குயிலும் குக்குறுவானும் அதுக்குள்ள மாட்டிக்கும், தேன்சிட்டோட கீச்சு மட்டும் மேல தப்பிச்சிடும். பறவைங்களுக்கே இது தெரியும் போல: நெதர்லாந்துல லைடன் ஊர்ல பட்டாணிக்குருவிங்க இரைச்சலான இடத்துல சுருதி கூட்டி பாடுறத 2003லயே ஆராய்ச்சியில காட்டிட்டாங்க.

ஆப் சொல்றத அப்படியே உங்க பறவை லிஸ்ட்ல ஏத்திடாதீங்க. கரண்ட் கம்பியில உக்காந்திருக்குற ரெட்டைவால் குருவி வல்லூறு மாதிரியே கத்திக் காட்டும், ஆப் வல்லூறுன்னு போட்டா அதையும் குத்தம் சொல்ல முடியாது, படம் அப்படித்தானே இருக்கு! நானே ஒரு 'சிக் சிக் சிக்' சத்தத்துக்கு ரெண்டு நாளா முருங்கை மரத்தை சுத்தி வந்தேன், ஆப் வாயே தொறக்கல, ஏதோ அபூர்வ பறவைன்னு நெனச்சுட்டேன். கடைசியில பாத்தா அணில், பூனையை பாத்து கத்திட்டிருந்திருக்கு.