ஆரஞ்சு மாத்திரையும் அதை உடைக்கும் பாக்டீரியாவும்

அல்சரேடிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சிக்காக சல்ஃபாசலசின் மாத்திரை சாப்பிட்டுவரும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதே, கிட்னிக்கு ஏதாவது ஆகுமா? ரத்தம் போவது நின்று பல மாதம் ஆகிவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா? முதல் கேள்விக்கு: அது மாத்திரையின் நிறம், கிட்னிக் கோளாறின் அறிகுறி அல்ல. இரண்டாவதற்கு: மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. இவ்வளவோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த மாத்திரை வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

முதலில் நோய். குடல் அழற்சி நோய் என்ற பெயரில் முக்கியமாக இரண்டு நோய்கள் வருகின்றன. அல்சரேடிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் பெருங்குடலில் மேல்நோக்கிப் பரவும்; குடலின் உள்தோலோடு நின்றுவிடும். க்ரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் திட்டுத் திட்டாக வரும். குடல் சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். குடலில் காலங்காலமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களை நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக நினைத்து, நிறுத்தாமல் சண்டை போடுகிறது. மரபணு, சூழல், பாக்டீரியா வகை எல்லாம் சேர்ந்து இதைக் கிளப்புகின்றன. தனியாக ஒரு காரணத்தைக் காட்ட முடியாது.

நம் ஊரில் இந்த நோய் பிடிபடவே நாளாகிறது. ரத்தமும் சளியுமாகப் போனால் சீதபேதி என்று மெடிக்கலில் மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிடுகிறோம். அப்புறமும் போனால் மூலம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ என்று எழுதாத சுவர் எந்த ஊரில் இருக்கிறது? பவுத்திரம் திரும்பத் திரும்ப வந்தால் அது க்ரோன் நோயாக இருக்கலாம் என்பதை அந்தச் சுவர் சொல்லாது. க்ரோனில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோயும், க்ரோன் அடிக்கடி வருகிற, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அதே இடத்தில் வந்து, கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பியிலும் கிட்டத்தட்ட அதே மாதிரி தெரியும். இந்தியாவில் அனுபவமுள்ள மருத்துவரே திணறும் இடம் இது.

சரி, மருந்துக்கு வருவோம். பெருங்குடல் புண்ணை ஆற்றுவது மெசலமின் என்ற சின்ன மூலக்கூறு. ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன். ரத்தத்தில் கலந்து வேலை செய்கிற மருந்தில்லை இது. குடலின் உட்பரப்பில் நேரடியாகப் பட வேண்டும். அங்குள்ள செல்களில் பிபிஏஆர் காமா என்ற புரதத்தைத் தூண்டி, அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களை அடக்குவது அது வேலை செய்யும் வழிகளில் ஒன்று. ஆனால் அதை அப்படியே விழுங்கினால், சிறுகுடலின் மேல்பகுதியிலேயே பெரும்பங்கு உறிஞ்சப்பட்டு, சிறுநீரில் வெளியேறிவிடும். கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்தவர் விழுப்புரத்திலேயே இறங்கிவிடுகிற கதை.

சல்ஃபாசலசினில் இந்த மெசலமினோடு சல்ஃபாபிரிடின் என்ற இன்னொரு மூலக்கூறைக் கோத்திருக்கிறார்கள். நடுவில் இருப்பது இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு; அசோ பிணைப்பு என்று பெயர். பனியன் துணிக்குப் போடும் சாயங்களில் பலவற்றிலும் இதே பிணைப்புதான் இருக்கிறது, மாத்திரைக்கு ஆரஞ்சு நிறம் வருவதும் இதனால்தான். இரைப்பையின் அமிலம் இதை ஒன்றும் செய்வதில்லை. நம் உடம்பு சுரக்கும் செரிமான நொதிகளாலும் இதை அறுக்க முடியாது. கோத்த நிலையில் இருக்கும் மூலக்கூறைச் சிறுகுடலும் பெரும்பாலும் உறிஞ்சாமல் விட்டுவிடுகிறது.

பெருங்குடலுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. சிறுகுடலின் மேல்பகுதியில் ஒரு மில்லிக்குச் சில ஆயிரம் பாக்டீரியாக்கள் இருந்தால், பெருங்குடலில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி வரை இருக்கும். அங்கே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. உணவை உடைக்கும்போது மிஞ்சும் எலக்ட்ரான்களைத் தள்ளிவிட நமக்கு ஆக்சிஜன் இருக்கிறது; அந்த பாக்டீரியாக்களுக்கு இல்லை. அசோ பிணைப்போ எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. பாக்டீரியாவின் அசோரெடக்டேஸ் என்ற நொதி இரண்டு, அப்புறம் இன்னும் இரண்டு என நான்கு எலக்ட்ரான்களை ஏற்றுகிறது. பிணைப்பு அறுகிறது, ஆரஞ்சு நிறம் போய்விடுகிறது, மெசலமின் புண்ணுக்குப் பக்கத்திலேயே விடுதலையாகிறது. வாசகர் சிறுநீரில் பார்ப்பது, பிணைப்பு அறாமலேயே ரத்தத்தில் கலந்துவிட்ட சிறு பங்கின் நிறத்தை.

எந்த பாக்டீரியாக்களோடு உடம்பு சண்டை போடுகிறதோ, அவைதான் மருந்தின் கட்டை அவிழ்த்துவிடுகின்றன! இதைப் படித்த அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை.

இத்தனையும் யோசித்துச் செய்த மருந்தா என்றால், அதுவும் இல்லை. ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், முடக்குவாதத்துக்குக் காரணம் ஏதோ கிருமித்தொற்று என்று எண்ணி, கிருமியைக் கொல்ல சல்ஃபா வகை மருந்தையும் வீக்கத்துக்கு ஆஸ்பிரின் வகையான சாலிசிலேட்டையும் ஒன்றாக இணைக்கச் சொன்னார். 1942இல் அதைப் பற்றி எழுதினார். மூட்டுக்காகச் செய்தது குடலுக்கும் கேட்டது. எப்படி என்று தெரியப் பல வருடம் ஆயிற்று. 1972இல் பெப்பர்கார்ன், கோல்ட்மேன் என்ற இருவர் பிறந்ததிலிருந்து ஒரு பாக்டீரியாகூட அண்டாமல் வளர்த்த எலிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். மருந்து உடையவே இல்லை. சாதாரண எலிகளில் உடைந்தது. 1977இல் வங்கதேசத்து மருத்துவர் ஆசாத் கான், ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ் என்பவரோடு சேர்ந்து, முழு மருந்தையும் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக எனிமாவாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழு மருந்துக்கும் மெசலமினுக்கும் குடல் தேறியது, சல்ஃபாபிரிடினுக்குத் தேறவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக மருந்து என்று நினைத்துக் கொடுத்ததில் பாதி வெறும் வழித்துணை என்பது அப்போதுதான் தெரிந்தது. பழைய மலிவு மாத்திரையை இப்படித் தோண்டித் துருவுவதில் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. இதற்கெல்லாம் அரசுப் பணம் வர வேண்டும் என்பது என் கட்சி.

அந்த வழித்துணைதான் தலைவலி, குமட்டல், தோல் தடிப்பு போன்ற பக்கவிளைவுகளுக்குப் பெரும்பாலும் காரணம். மாத்திரை ஃபோலேட் சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கும். அதனால்தான் ஃபோலிக் அமிலம் சேர்த்து எழுதித் தருகிறார்கள். ஆண்களுக்கு விந்தணுக்களும் குறையும். மருந்தை மாற்றினால் சில மாதங்களில் சரியாகிவிடும். குழந்தை தள்ளிப்போனால் மருமகளைக் கோயில் கோயிலாக அலையவிடும் வீடுகள், மகன் சாப்பிடும் மாத்திரையையும் ஒருமுறை பார்க்கலாம்.

இன்று வழித்துணை இல்லாத மெசலமின் மாத்திரைகள் உண்டு. அமிலத்தன்மை குறைந்த இடத்தில் கரையும் பூச்சு, அதைக் குடலின் கடைப்பகுதி வரை காப்பாற்றுகிறது. நோய் மலக்குடலோடு நின்றால், ஆசனவாய் வழியாக வைக்கும் சப்போசிட்டரிதான் முதல் தேர்வு. மருந்து நேராகப் புண்ணில் படுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் வாங்கி வைத்துவிட்டு உபயோகிக்காதவர்கள் நிறைய. க்ரோன் நோய்க்கு, அதுவும் சிறுகுடலில் இருந்தால், இந்த மருந்து வகை பெரிதாகக் கைகொடுப்பதில்லை. அங்கே ஸ்டீராய்டு, நோய் எதிர்ப்பை அடக்கும் அசதயோப்ரின், ஊசியாகப் போடும் உயிரியல் மருந்துகள் என்று வேறு வழி. அவற்றில் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் உடம்பில் தூங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பதால், முதலில் அதற்குச் சோதனை செய்தாக வேண்டும்.

நிறுத்துவதைப் பற்றி. ரத்தம் நின்ற பிறகும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அழற்சி மிச்சமிருக்கலாம். குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் அது தெரியும். மாத்திரையை விடுபவர்களுக்கு நோய் திரும்புவது பல மடங்கு அதிகம். அழற்சி பல வருடம் நீடித்தால் பெருங்குடல் புற்றுநோய் அபாயமும் ஏறும். அதனால்தான் நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனதும் கொலோனாஸ்கோப்பிக் கண்காணிப்பு தொடங்குகிறது. ‘தொக்கம் எடுக்கப்படும்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரோ, உடம்புச் சூட்டைத் தணிக்கும் பொடி என்று வாட்ஸ்அப்பில் விற்பவரோ இந்தக் கணக்கையெல்லாம் பார்க்கமாட்டார்கள்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவற்றை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அடங்கிய நோயைச் சிலருக்குக் கிளப்பிவிடும். வேறு எதற்காவது ஆன்டிபயாடிக் எழுதினால் சல்ஃபாசலசின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். அதை உடைக்க வேண்டிய பாக்டீரியாக்கள் குறைந்துபோகலாம். ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ படபடப்போ இருந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.